பொடவுக்குள் போனவனும் வெளியே நிற்பவனும்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி நோக்கி மேற்கே பேருந்தில் பிரயாணம் செய்கிறவர்கள், ஏரிக்கரைகளும் மல்லாட்டைக் கொல்லைகளும் பின்னே நழுவிப் போக, யாரோ ஒரு பூதம் விளையாட்டாக ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிவிட்டு மறந்து போனதைப் போன்ற உருண்டைப் பாறைகளாலான குன்றுகள் எழுந்து வருவதைக் காண்பார்கள். அந்தப் பாறைகளின் இடுக்குகளில் ஒரு மனிதன் குனிந்து நுழையத்தக்க இருள்வாய்கள் பல உண்டு. படித்தவர்கள் அவற்றைக் குகை என்கிறார்கள்; இந்தப் பக்கத்துக் குடியானவர்களோ பொடவு என்பார்கள். பொடவு இருந்தால் கதையும் இருக்கும். ஆட்டுக்குட்டியைத் தேடி நாயோடு உள்ளே போன ஆட்டுக்காரன் திரும்பவேயில்லை என்றும், அவன் நாய் மட்டும் திருவண்ணாமலையில் வெளிப்பட்டது என்றும் கிழவிகள் சொல்வதைக் கேட்டு வளராத பிள்ளைகள் இங்கே குறைவு.

இக்கதைகளைப் பரிகசிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் கதையை வழிகாட்டியாகக் கொண்டு, கையில் ஒரு கைபேசியும் மனத்தில் சிறிது சாகச ஆசையுமாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தன்னந்தனியே பொடவுக்குள் நுழையும் வாலிபனுக்கு, கதை எங்கே முடிந்து பாறை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை யாரேனும் சொல்லிவைக்க வேண்டும்.

நம்பிக்கை: செஞ்சிக் கோட்டையிலிருந்து திருவண்ணாமலைக்குச் சுரங்க வழி இருக்கிறது, பொடவுகள் அதன் வாயில்கள்.

உண்மை: இந்த நம்பிக்கைக்கு உரமிட்டது சரித்திரமே. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய அந்தக் கோட்டையில் அவருடைய குமாரர் இராஜாராம் அடைக்கலம் புகுந்திருக்க, மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை அதை முற்றுகையிட்டு, கடைசியில் கோட்டை அவர் வசமாயிற்று. ஆனால் இராஜாராம் அகப்படவில்லை. எட்டாண்டு முற்றுகையிலிருந்து ஒரு ராஜா தப்பினார் என்றால் பூமிக்கடியில் ஒரு பாதை இருந்தே தீரவேண்டும் என்று ஜனங்கள் அனுமானித்ததில் ஆச்சரியமில்லை. எனினும் பாறை வேறு சாட்சியம் சொல்கிறது. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியை ஒட்டிய மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிப் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் ஓர் ஆலயத்தை உண்டாக்கியதாக, விசித்திரசித்தன் என்னும் விருதுப்பெயர் பூண்ட முதலாம் மகேந்திரவர்மன் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறான். சிறிதளவே பாறையைக் குடைந்து ஒரு மண்டபம் அமைத்ததையே பெரும் பெருமையாகப் பதிவு செய்தார்கள் நம் அரசர்கள். அப்படிப்பட்ட தேசத்தில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம் கருங்கல்லைக் குடைந்தவர்கள் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், வெட்டிய கல்லைக் கொட்டிய மேட்டையும் மிச்சம் வைக்காமல் போயிருப்பார்களா?

இயற்கையே குடைந்திருக்கலாமே என்றால், அதற்கும் கணக்கு உண்டு. கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்புக் கல்லை லக்ஷக்கணக்கான ஆண்டுகள் கரைத்துத்தான் நெடுங்குகைகள் உண்டாகின்றன. ஆந்திரத்துப் பேலம் குகை அவ்விதம் பிறந்தது. அதன் நீளம் 3,229 மீட்டர். மேகாலயத்தின் சுண்ணாம்பு மலைகளில் உள்ள கிரெம் லியாட் பிராவே 30 கிலோமீட்டருக்கு அதிகந்தான். செஞ்சியின் கருங்கல் அவ்வாறு நீருக்குக் கரைவதன்று. அங்குள்ள பொடவுகளிற் பெரும்பாலானவை, உருண்டு வந்த பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றதால் ஏற்பட்ட சந்துகளே.

நம்பிக்கை: நெடுங்குகை இல்லையென்றால் வழி தவறவும் இடமில்லை, ஆபத்தும் இல்லை.

உண்மை: மேற்கூறியதைக் கேட்டவுடன் நிம்மதி கொள்பவர்கள் கொடைக்கானலை நினைத்துக்கொள்வது நலம். ஆங்கிலேயர் சாத்தானின் சமையலறை என்று பெயரிட்டதும், 1991-இல் வெளிவந்த திரைப்படத்தினால் குணா குகை என்று வழங்கப்படுவதுமான அந்த இடமும் சுண்ணாம்புக் குகையன்று. கடினப் பாறைகளுக்கு இடையே கிழிந்த ஆழமான பிளவுகளின் தொகுதியே. 2006-ஆம் ஆண்டு கேரளத்தின் மஞ்சும்மலிலிருந்து வந்த வாலிபர் கூட்டத்தில் ஒருவர், தடுப்பைத் தாண்டிச் சென்றபோது, இலைகள் மூடிய ஒரு பிளவில் கால் நழுவி மறைந்து போனார். நண்பர்களில் ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மேலே கொண்டுவந்த வரலாறு 2024-இல் மலையாளத் திரைப்படமாகவும் வந்து நம் ஊர்க் கொட்டகைகளிலும் ஓடிற்று. விழுந்தவர் பிழைத்ததற்குக் காரணம், அவர் விழுந்ததை மேலே நின்ற நண்பர்கள் கண்டதும், அவ்விடத்தை விட்டு அகலாததுமே. அதே பிளவில் தனியாகப் போன ஒருவர் விழுந்திருந்தால், மாலை வரை அவரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். தேடினாலும் எங்கே தேடுவது என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

நம்பிக்கை: சிறிது நேரம் பொறுத்தால் இருட்டு கண்ணுக்குப் பழகிவிடும், போதாததற்குக் கைபேசி வெளிச்சம் இருக்கிறது.

உண்மை: அமாவாசை இரவிலும் நக்ஷத்திர ஒளி என்று சிறிதேனும் உண்டு; அந்தச் சிறிதைக் கண் அரைமணி நேரத்தில் பெருக்கிக்கொள்ளப் பழகுகிறது. பொடவின் இரண்டாம் வளைவுக்கு அப்பாலோ பெருக்குவதற்கு ஒன்றுமேயில்லை. அங்கே எத்தனை நாழிகை காத்திருந்தாலும் தன் கையைத் தானே காண முடியாது. காண்பதாகத் தோன்றினால் அது பிரமை. கைபேசியின் விளக்கு மின்கலத்தைத் தின்று தீர்க்கும். பாறை தடுப்பதால் கோபுரத்தின் அலைகள் உள்ளே எட்டா. ஆகவே வெளிச்சம் தரும் கருவியும் உதவிக்கு அழைக்கும் கருவியும் ஒன்றேயாக வைத்துக்கொண்டவன், ஒரு கல்லில் அது மோதி உடைந்த கணத்தில் இரண்டையும் இழக்கிறான். குகைகளில் பழகியவர்கள் ஆளுக்கு மூன்று தனித்தனி விளக்குகளும், அவற்றில் ஒன்று தலைக்கவசத்தில் பொருத்தியதாகவும் வேண்டும் என்று விதி வைத்திருப்பது வீண் எச்சரிக்கையன்று.

நம்பிக்கை: விளக்கு அணையாமல் எரிந்தால் காற்று நல்ல காற்றே.

உண்மை: பழைய கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் அநுபவத்தில் பிறந்தது, அதில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. அது ஏறக்குறைய 16 பங்குக்குக் குறைந்தால் மெழுகுவத்தி அணைந்துவிடும். எனவே விளக்கு அணைந்தால் ஆபத்து நிச்சயம். ஆனால் அணையாவிட்டால் க்ஷேமம் நிச்சயம் என்று சொல்வதற்கில்லை. கார்பன் மோனாக்சைடும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் சுடர் ஆடாமல் நிற்கக்கூடும். பின்னதோ, மிகுந்துவிட்டால் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்து, நாற்றம் போய்விட்டது என்று ஏமாற்றும். கிணற்றில் மயங்கியவனைத் தூக்க இறங்கிய இரண்டாமவனும் மூன்றாமவனும் மாண்டுபோகும் செய்திகளை நாம் பத்திரிகைகளில் படிக்கிறோமே, அவற்றுக்குப் பெரும்பாலும் இத்தகைய கெட்ட காற்றே காரணம். தீவட்டியோடு நுழைவது அதனினும் கேடு: அது உள்ள பிராணவாயுவையும் உண்டு, புகையால் மலைத்தேனீக்களையும் கிளப்பிவிடும்.

நம்பிக்கை: பழகியவனுக்குத் துணை வேண்டாம்.

உண்மை: அமெரிக்காவின் கென்டக்கியில் ஃபிளாய்டு காலின்ஸ் என்பவரைவிடக் குகைகளில் பழகியவரைக் காண்பது அரிது. 1917-இல் ஒரு பெரிய படிகக் குகையைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்ற அவர், 1925 ஜனவரி 30-ஆம் தேதி, மணற்குகை என்று பெயர் கொண்ட மற்றொன்றைச் சோதிக்கத் தனியே ஊர்ந்து சென்றார். திரும்பும்போது காலில் ஒரு கல் விழுந்து பற்றிக்கொண்டது. பின்னால் எடுத்து நிறுத்தபோது அதன் எடை ஏறத்தாழ 12 கிலோதான். பக்கத்தில் ஒரு துணை இருந்து உடனே புரட்டியிருக்கக்கூடிய அக்கல், குறுகிய சந்தில் தன் கையே தன் காலுக்கு எட்டாமல் கிடந்தவருக்கு மலையாயிற்று. மறுநாள்தான் ஜனங்கள் தேடி வந்தார்கள். பிறகு வழி இடிந்தது. நூற்றுக்கணக்கானோர் கூடித் தோண்டிய குழி பிப்ரவரி 16-ஆம் தேதி அவரை எட்டியபோது உயிர் பிரிந்திருந்தது.

நம்பிக்கை: அப்படியானால் பத்துப் பேராகச் சேர்ந்து போனால் பயமில்லை.

உண்மை: 2018 ஜூன் 23-ஆம் தேதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் பந்தாட்டச் சிறுவர்கள் பன்னிரண்டு பேரும் அவர்களுடைய பயிற்சியாளரும் சேர்ந்துதான் போனார்கள். மலைமேல் பெய்த மழை உள்ளே வெள்ளமாய்ப் புகுந்து பின்வழியை அடைத்தது. பதின்மூன்று பேர் சேர்ந்திருந்தும் அவர்களால் தாமாக வெளியேற முடியவில்லை. அவர்களைக் காத்தவற்றில் முதலாவது, குகைவாயிலில் அவர்கள் சாத்திவைத்திருந்த சைக்கிள்கள். பிள்ளைகள் வீடு திரும்பாததால் தேடத் தொடங்கியவர்களுக்கு அவையே இடத்தைக் காட்டின. ஜூலை 2-ஆம் தேதி அவர்கள் உயிரோடு இருப்பது தெரிந்தது. 10-ஆம் தேதிக்குள் அனைவரும் வெளியே கொண்டுவரப்பட்டனர். ஆனால் அதற்கிடையில், காற்றுக் கலங்களை உள்ளே கொண்டுசேர்த்துத் திரும்பிய சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிர்த்தியாகம் செய்ய நேர்ந்தது. நாம் அலட்சியமாக நுழையும் குகை நம்முடைய உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை.

நம்பிக்கை: வழி தவறினால் நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருந்தால் எங்கேனும் வெளியே வந்துவிடலாம்.

உண்மை: ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிக் கழகத்தார் 2009-இல் வெளியிட்ட பரிசோதனையில், சூரியன் தென்படாத காட்டில் நேராக நடக்கச் சொல்லப்பட்டவர்கள், தாங்கள் நேராகவே போவதாக உறுதியாக நம்பிக்கொண்டு வட்டமிட்டுத் திரும்பினார்கள், கண்ணைக் கட்டி விடப்பட்டவர்களின் வட்டம் சில சமயம் 20 மீட்டர் அகலங்கூட இல்லை. பொடவின் இருளில் எல்லாரும் கண் கட்டப்பட்டவர்களே. அன்றியும், உள்ளே போகும்போது ஒரே வழியாகத் தோன்றியது திரும்பும்போது மூன்று வழியாகப் பிரிந்து நிற்கும். போகும்போதே ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்ளாதவனுக்கு எது வந்த வழி என்று தெரியாது. 2004 டிசம்பரில் பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கே, முன்னர் காளான் வளர்த்துவந்த ஒரு கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் தனியே போன ஒருவர், வெளிச்சமிழந்து, அழுகிய மரத்தையும் களிமண்ணையும் தின்று, சொட்டும் நீரைக் குடித்து 35 நாட்கள் கிடந்தார். அவரை மீட்டது அவருடைய நடையன்று. வாயிலருகே நின்ற அவருடைய காரைத் தற்செயலாகக் கண்ட பையன்கள்தான் காரணம்.

நம்பிக்கை: முனிவர்கள் குகைகளில் தனித்து வாழ்ந்தார்களே!

உண்மை: இவ்வட்டாரத்தில் அவர்கள் வாழ்ந்த இடங்களை நேரில் பார்த்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பாண்டவர் படுக்கை என்று ஊரார் காட்டும் கற்படுக்கைகள் சமண முனிவர்களுடையவை. அவை இருள் சூழ்ந்த சுரங்கத்தில் இல்லை. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும் பாறை நிழலில் இருக்கின்றன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவம் செதுக்கிய பாறைக்கருகே, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாட்களும் இளையபடாரர் 30 நாட்களும் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தது கல்வெட்டாயிருக்கிறது. நாட்களை எண்ணி எழுதிவைக்க அருகில் மனிதர் இருந்தனர் என்பதற்கு அதைவிட அத்தாட்சி எது? தொண்டூர்க் குகையின் பழந்தமிழ்க் கல்வெட்டும், பக்கத்து ஊரார் செய்த அறத்தையே சொல்கிறது. உலகைத் துறந்தவர்களுக்குங்கூட, குன்றின் அடியில் அவர்கள் இருப்பை அறிந்த ஓர் ஊர் இருந்தது.

ஆதலால் குகை பார்க்கும் ஆசை குற்றமன்று. யாரும் அறியாமல் பார்க்கும் ஆசையே குற்றம். போகும் இடத்தையும் திரும்பும் வேளையையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்; மூன்று விளக்கும் மூன்று துணையும் இருக்கட்டும்; வழி தவறினால் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு விளக்கைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட்டுக் குரல் கொடுங்கள்; வெளியே நிற்பவர் குறித்த வேளை தப்பினால் தாமே உள்ளே பாயாமல் 112-ஐயோ, தீயணைப்பு மீட்புப் படையின் 101-ஐயோ அழைக்கட்டும். போகிறேன் என்று சொல்லாமல் போய் வருகிறேன் என்று சொல்வது நம் வழக்கம். எங்கே போய், எப்போது வருகிறேன் என்ற இரண்டு சொற்களை அதோடு சேர்த்தால் போதும். கிழவியின் கதையில் வரும் ஆட்டுக்காரனும் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், நாயைத் திருவண்ணாமலைக்கு அனுப்பிவிட்டு அவன் கதையாய் நின்றிருக்க மாட்டான். விளக்கு வைக்கும் நேரத்தில் ஆட்டுக்குட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பான்.