தேதி தவறிய மடிக்கணினி

2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டக் காக்களூரில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. “ஆன் பண்ணா ரெண்டு பேர் வருது மிஸ், ரெண்டாவது என்ன?” என்று மாணவர்கள் கேட்டபோது, “அதைத் தொடாதே” என்றுதான் சொன்னேன். எனக்கே தெரியாது என்பதுதான் காரணம்.

இப்போது அதே மாணவர்களின் தம்பி தங்கைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பல வீடுகளில் அண்ணனின் பழைய மடிக்கணினி இன்னும் பரண்மேல் கிடக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 இந்தக் கணினிகளில் ஏறாது. ஆனால் லினக்ஸ் மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு 2 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும் இருந்தால் போதும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பன்னிரண்டாம் வகுப்புக்கு வேண்டிய பைத்தான் அதிலேயே இருக்கிறது. ஐடில் மட்டும் மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவ வேண்டும்.

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். கணினி படித்தவள் அல்லள். அதனால் செய்த தவறுகளைக் கூச்சமின்றிச் சொல்லலாம். முதல் தவறு, இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் அப்படியே நகலெடுத்தது. கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுதினால்தான் அந்தப் பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கும். எழுதும்போது அதில் ஏற்கெனவே இருப்பவை எல்லாம் அழியும்.

இரண்டாவது தவறு இன்னும் உறுத்துகிறது. நிறுவும்போது ‘வட்டை அழித்து நிறுவு’, ‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவு’ என்று இரண்டு வழிகள் திரையில் வரும். அவசரத்தில் முதலாவதை அழுத்திவிட்டேன். சக ஆசிரியை ஒருவர் ஐந்தாண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்கள் போயின. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து, கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து, அந்த நகலைத் திறந்து பார்த்த பிறகே பென்டிரைவைச் செருகுகிறேன்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். நிறுவு என்று நாம் சொல்லாதவரை வட்டில் இருப்பது மாறாது. வைஃபை, ஒலி, விசைப்பலகை மூன்றையும் அங்கேயே சோதியுங்கள். வைஃபை தெரியவில்லையென்றால் கணினி கெட்டுவிட்டது என்று பொருளல்ல. பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அதை இறக்கவே இணையம் வேண்டுமே என்று நான் இரண்டு நாள் விழித்தேன். வழி எளிது. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேலாளரைத் திறந்தால் அது பரிந்துரைக்கும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது ஒரு மாணவியின் வீட்டு மடிக்கணினி. லினக்ஸ் நன்றாக நிறுவப்பட்டது. இணையமும் இருந்தது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை. புதுப்பித்தலும் பிழையில் நின்றது. போதாக்குறைக்கு, பயாஸில் நாம் மாற்றிய தொடக்க வரிசை மறுநாள் பழையபடி ஆகிவிடும். நான் லினக்ஸை மூன்று முறை மறுபடி நிறுவினேன். மூன்று முறையும் அதே கதை.

நான்காம் முறைக்கு நான் தயாரானபோது அந்த மாணவி பிழைச்செய்தியைச் சொல் சொல்லாக வாசித்தாள். “இன்னும் செல்லுபடியாகவில்லைன்னு போட்டிருக்கு மிஸ். அப்ப, நாளைக்குச் செல்லுமா?” பயாஸைத் திறந்தோம். தேதி 2012 ஜனவரி 1.

கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைப்பது தாய்ப்பலகையில் உள்ள சிறு செல். பெரும்பாலும் சிஆர்2032 வகை. அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போகும். பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகளும் மறந்துபோகும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அந்தத் தொடக்க நாளுக்கு முந்தையதாக இருந்தால், சான்றிதழ் ‘இன்னும் பிறக்கவில்லை’. வழக்கமாக இணையம் கிடைத்ததும் லினக்ஸ் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். சில வலையமைப்புகளில் அந்த வழி அடைபட்டிருக்கும். தேதியைக் கையால் மாற்றியதும் எல்லாம் திறந்தன. செல்லை ஆவடிக் கடைவீதியில் பழுதுபார்ப்பவரிடம் மாற்றினோம். மடிக்கணினியில் அது கம்பியோடு இணைந்திருக்கும் என்பதால் நாமே நோண்டாமல் இருப்பது நல்லது.

இதையும் வேறொரு சிக்கலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினியில், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் செல் நன்றாகவே இருக்கிறது. லினக்ஸ் கணினிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை இந்திய நேரமாக வாசிக்கிறது. இந்த ஐந்தரை மணியை ஒன்பதாம் வகுப்பில் தீர்க்கரேகை நடத்தும் சமூக அறிவியல் ஆசிரியருக்குக் கொடுத்தேன். பாடம் எடுக்க நல்ல சான்று என்றார்.

தமிழில் தட்டச்சு செய்ய, உள்ளீட்டு முறை அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். வானவில் எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்கள் லினக்ஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. யூனிகோடுக்கு மாற்றினால் தமிழ் திரும்பிவிடும்.

அந்த மாணவி இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். கணினி, பிழைச்செய்தி, மாற்றியது, நடந்தது என்று நான்கு கட்டங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவள் போட்ட விதி. சென்ற வாரம் நான் ஒரே சமயத்தில் இரண்டை மாற்றிவிட்டேன். “எது சரி பண்ணுச்சுன்னு எழுத முடியல மிஸ்” என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.