பறையும் பாஸ்போர்ட்டும்: அக்காவின் டிப்ஸ்

பிரான்ஸ்ல இருந்தோ போலந்துல இருந்தோ கலை விழாவுக்கு அழைப்பு வந்ததும் எல்லாரும் என்ன ஆடறது, என்ன வாசிக்கிறதுன்னுதான் கவலைப்படறீங்க. அதை உங்க வாத்தியார் பார்த்துக்குவார், தங்கச்சி. மேடை ஏறிட்டா நீ ஆடிடுவே. இளைஞர் கலைப் பரிமாற்றத்துல ஆளைத் திணற வைக்கிறதெல்லாம் மேடைக்கு வெளியே இருக்கு. அதைச் சொல்றேன்.

முதல்ல அழைப்பு நிஜமான்னு பாரு. நாட்டுப்புறக் கலை விழாக்களுக்குன்னு 'சியோஃப்'னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு. 1970-ல பிரான்ஸ்ல தொடங்கினது. இந்த மாதிரி விழாக்கள்ல பெரும்பாலும் தங்குமிடமும் சாப்பாடும் கூப்பிடறவங்க பொறுப்பு, விமான டிக்கெட் நம்ம பொறுப்பு. அதை விட்டுட்டு 'பங்கேற்புக் கட்டணம்'னு யாரோ ஒருத்தர் சொந்தக் கணக்குல பணம் போடச் சொன்னா, அங்க போய் வந்த குழு ஒண்ணை விசாரிக்காம நயா பைசா அனுப்பாதே.

அடுத்து, நம்ம ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். விழாக்காரங்களுக்கு அனுப்பின பட்டியல்ல 'எஸ். மீனா', பாஸ்போர்ட்ல அப்பா பேரோட முழுசா. விசா கவுன்ட்டர்ல இது ரெண்டு ஆள். அதனால பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே பட்டியல் கொடு. தேதி, தங்குற இடம், செலவு யார் பொறுப்புங்கிறது எல்லாம் அழைப்புக் கடிதத்துல இருக்கணும். விசா நோக்கம் கலாசார நிகழ்ச்சி, சுற்றுலான்னு போடாதே.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். கோடை விழான்னா அப்பவே ஆரம்பிச்சிடு. ஏப்ரல், மே மாசத்துல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 18 வயசு ஆகாத பிள்ளைங்களுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேரோட சம்மதக் கடிதமும் வேணும்.

இனி பெட்டி. உடும்புத்தோல் கஞ்சிராவைத் தொடாதே. உடும்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஏர்போர்ட்ல மாட்டினா விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆட்டுத்தோல் கஞ்சிராவோ சிந்தெடிக் கஞ்சிராவோ போதும். மயிலாட்டக் குழுவுக்கு இன்னும் கஷ்டம். தானா உதிர்ந்த மயில்தோகையா இருந்தாலும் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. துணியில தைச்சுச் சாயமேத்தின தோகையை இங்கேயே தயார் பண்ணிக்கோ. கற்பூரமும் கொப்பரையும் விமானத்துல ஏத்தவே மாட்டாங்க. அம்மா பாசத்தோட கட்டித் தர்ற நெய், பால்கோவா வகையறாவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள பால், இறைச்சிப் பொருளைக் கையில கொண்டுபோகக் கூடாது.

பறை வாசிக்கிறவங்க இதைக் கவனமா கேளுங்க. தோல் பறையை நெருப்புல காய்ச்சித்தானே சுதி ஏத்துவோம்? அரங்கத்துக்குள்ள தீ மூட்ட விடமாட்டாங்க, புகை கொஞ்சம் போனாலே அலாரம் அலறும். அந்த ஊர் ஈரக்காத்துல தோல் தொய்ஞ்சு 'தொப் தொப்'னு கேட்கும். திறந்தவெளியில காய்ச்ச ஒரு இடம் வேணும்னு முன்கூட்டியே எழுதிக் கேளு. இல்லேன்னா ஹேர் டிரையர் வெச்சுக்கிட்டு, ஒரே இடத்துல பிடிக்காம, ஓரத்துல இருந்து நடுவுக்கு வட்டமா சூடு காட்டு. உத்தரவாதத்துக்கு ஒரு ஃபைபர் பறையும் கூட இருக்கட்டும். மெல்லிசான சிம்புக்குச்சி கூடுதலா எடுத்துக்கோ. மிருதங்கக்காரர் ரவையை கடை பாக்கெட்டைப் பிரிக்காம அப்படியே கொண்டுபோகட்டும். பொட்டலம் கட்டின வெள்ளைப் பொடிக்கு சுங்கத்துல யாரும் பதில் சொல்லிட்டிருக்க வேண்டாம்.

இந்த விழாக்கள்ல தெரு ஊர்வலம் அநேகமா நிச்சயம். வெறுங்கால்ல சலங்கை கட்டி பழைய கருங்கல் பாவின தெருவுல ஒரு கிலோமீட்டர் நடந்து பாரு, சாயங்கால நிகழ்ச்சிக்குப் பாதம் இருக்காது. கால் நிறத்துல மெல்லிசான நடன ஷூ வாங்கிக்கோ. சம்பிரதாயம் பேசறவங்களை அந்தக் கல்லுல நாலு எட்டு நடக்கச் சொல்லு!

பயிலரங்கத்துக்கும் தயாரா போ. அரைமணி நேரம் கொடுத்து, மெக்சிகோ பிள்ளைங்களுக்கும் செர்பியா பிள்ளைங்களுக்கும் ஏதாவது சொல்லிக்கொடுன்னுவாங்க. அப்போ நாட்டிய சாஸ்திர வரலாற்றை எடுத்தா கொட்டாவிதான். 'தகதிமி'க்கு நாலு தட்டு, 'தகிட'வுக்கு மூணு தட்டு. வாயால சொல்லிக் கையால தட்டவிட்டு, பாதிப் பேரை நாலுலயும் மீதிப் பேரை மூணுலயும் விடு. பன்னிரண்டாவது தட்டு முடிஞ்சதும் ரெண்டு கூட்டமும் ஒண்ணா சமத்துல வந்து விழும்போது அவங்களே கூச்சல் போடுவாங்க. பாஷையே தேவைப்படாது. அப்புறம் அவங்க ஆட்டத்துக்கு உன்னை இழுப்பாங்க, கூச்சப்படாம போ. நம்ம குழுவே ஒரு மூலையில உட்கார்ந்து ஊறுகாய் பாட்டிலைச் சுத்திக் கதை பேசறதுக்கு பிரான்ஸ் எதுக்கு?

சைவம்னா 'மீனும் முட்டையும்கூடக் கூடாது'ன்னு எழுத்துலயே கொடு. சில இடத்துல மீனைச் சைவக் கணக்குல சேர்த்துடறாங்க. கடைசி நாள் பரிசு மாத்திக்கிறதுக்கு மண் பொம்மை வேண்டாம், உடையும். மரச்சொப்பு, பனையோலைக் கொட்டான் மாதிரி எடை இல்லாததா வாங்கு. திரும்பும்போது பெட்டியில இடம் விட்டுவை, அவங்களும் கொடுப்பாங்க.