யாழ்ப்பாணத்துப் பனை உணவுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையை நம்பியே எமது வயல்களில் நெல் விளைகின்றது. வீட்டில் நெல் குறையும் மாதங்களில் எம் முன்னோருக்குக் கைகொடுத்தது பனையாகும். பனை தரும் உணவுகளை அவர்கள் ஆண்டு முழுவதற்கும் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை இங்கு நோக்குவோம்.

ஆவணி, புரட்டாதி மாதங்களில் பனம்பழம் விழும். அதனைப் பிசைந்தெடுத்த களியைப் பாயிலே படைபடையாகப் பூசி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு. மாவும் சீனியும் சேர்த்துப் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். எஞ்சும் விதைகளைப் பாத்தியில் அடுக்குவர். அவை மாரி மழையில் முளைத்து, தை, மாசியில் கிழங்கு தரும்.

கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைப்பது ஒடியல். அவித்துக் காயவைப்பது புழுக்கொடியல். மழை ஓய்ந்தபின் வரும் வெயில் இதற்கு உகந்தது. நன்கு காய்ந்த ஒடியல் பல மாதங்களுக்குப் பழுதடையாது. புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டுடன் அப்படியே உண்ணலாம். ஒடியல் மாவையோ நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்து, காறலைப் போக்கிய பின்னரே பிட்டாகவோ கூழாகவோ ஆக்குதல் வேண்டும். கரையோர ஊர்களில் ஒடியற் கூழுக்கு மீன், நண்டு, இறால் சேர்ப்பர். விரத நாட்களில் பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு போதும். அதனைப் பிலாவிலையில் கோலிக் குடிப்பது எம்மவர் வழக்கம்.

பங்குனி, சித்திரையில் உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டிகளில் கருப்பநீர் இறக்குவர். சுண்ணாம்பு அது புளிக்காமற் காக்கும். அதனைக் காய்ச்சி ஓலைக் குட்டான்களில் வார்த்தால் பனங்கட்டி. தட்சணாயனம் தொடங்கும் ஆடிப்பிறப்பன்று அரிசிமா, பயறு, தேங்காய்ப்பாலுடன் இப்பனங்கட்டி சேர்த்தே ஆடிக்கூழ் காய்ச்சப்படுகின்றது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878 – 1953) இந்நாளைச் சிறுவர் பாடலாக்கி எம் பிள்ளைகளின் நாவில் நிலைக்கச் செய்தார்.

2009 இல் முடிவுற்ற போரின்போது பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. பனையோ காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும் மரம். விதைகள் அனைத்தையும் கிழங்காக்கி உண்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்குப் பனை எங்கிருந்து வரும்? ஆகவே, ஆவணியில் பாத்தி போடும் ஒவ்வொருவரும் சில விதைகளையேனும் காணி எல்லையில் ஊன்றிவிடுதல் வேண்டும். ஒடியல் மாவின் காறலை நீக்கும் முறையையும் வீட்டிலுள்ள பெரியோர் பிள்ளைகளை அருகிருத்திச் செய்து காட்டுதல் வேண்டும். மரமும் கைப்பக்குவமும் ஒருங்கே நிலைத்தாற்றான் இவ்வுணவுகள் எமது அடுப்படிகளில் தொடர்ந்து நிலவும்.