ரத்தம் ஏற்றினால் பச்சிளம் மூளை மீளுமா?

பிரசவ நேரத்தில் மூளைக்கு ரத்தமும் ஆக்ஸிஜனும் தடைபட்ட குழந்தை பிறந்ததும் அழாமல் துவண்டு கிடக்கலாம். சில மணி நேரத்தில் வலிப்பும் வரலாம். அந்த நிலையில் 'ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது' என்று மருத்துவர் சொன்னால், என்.ஐ.சி.யூ. (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில் ஆளுக்கொரு கருத்து கிளம்பும். அவற்றில் எது சரி?

நம்பிக்கை: புது ரத்தம் ஏறினால் மூளை பிழைத்துக்கொள்ளும்.

உண்மை: மடிந்துபோன நரம்பணுக்களை எந்த ரத்தமும் மீட்காது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்ததாலோ, கருவின் ரத்தம் தாயின் உடலுக்குள் கசிந்ததாலோ சில குழந்தைகள் ரத்தம் இழந்து வெளுத்துப் பிறக்கின்றன. அவர்களுக்குச் சிவப்பணுக்கள் உயிர் காப்பவை. மற்றவர்களுக்கு அவை மூளைக்கான மருந்து அல்ல.

நம்பிக்கை: ரத்த இழப்பு இல்லையென்றால் ரத்த வங்கிக்கே வேலை இல்லை.

உண்மை: ஆக்ஸிஜன் குறைந்தால் கல்லீரலும் அடிவாங்கும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் குறையும், தட்டணுக்களும் சரியலாம். மூளையைக் காக்க உடலை 72 மணி நேரம் குளிர்விக்கும் சிகிச்சையில் உறைதல் இன்னும் மந்தமாகும். ரத்தம் கசிந்தால் பிளாஸ்மாவோ தட்டணுவோ தேவைப்படலாம்.

நம்பிக்கை: எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது.

உண்மை: 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே ஏறக்குறைய 250 மி.லி.தான். ஆகவே பெரும்பாலும் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வரை அளந்தே ஏற்றுவார்கள். மிஞ்சினால் இதயமும் நுரையீரலும் திணறும். குறைமாதக் குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான பிளானெட்-2 ஆய்வு ஒரு பாடம். தட்டணு எண்ணிக்கை 50,000க்குக் கீழே போனதுமே ஏற்றிய குழுவில், 25,000க்குக் கீழே போன பிறகு ஏற்றிய குழுவைவிட மரணமோ பெரும் ரத்தக்கசிவோ நேர்ந்த குழந்தைகள் அதிகம்.

நம்பிக்கை: அப்பாவின் ரத்தம்தான் பாதுகாப்பு.

உண்மை: நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கும் ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். அதனால் அந்த ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மலேரியா, சிபிலிஸ் ஆகியவற்றுக்குச் சோதித்த தன்னார்வக் கொடையாளர் ரத்தமே நல்ல தேர்வு.

ரத்தம் ஏற்றச் சொன்னால் பதற வேண்டாம். சொல்லவில்லை என்றால் வற்புறுத்தவும் வேண்டாம். 'எதற்காக, எது, எவ்வளவு?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை.