கல்லூரி நெடுந்தூர ஓட்டப் பயிற்றுநர்: தகுதியும் பதவி உயர்வும்

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. ஆயத்த ஆடைத் தொழிலாளர் குடும்பங்கள் மிகுந்த இப்பகுதியில், நெடுந்தூர ஓட்டத்தில் நாட்டங்கொண்ட பட்டதாரி ஒருவர் கல்லூரி மாணவர்க்குப் பயிற்சியளிப்பதையே தொழிலாகக் கொள்ள விரும்பினால், அவருக்குத் திறந்திருக்கும் வழிகள் யாவை?

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கெனத் தனிப் பயிற்றுநர் உண்டு. நம் கல்லூரிகளில் பொதுவாக இருப்பது உடற்கல்வி இயக்குநர் பதவியே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், இப்பதவிக்கு 55 விழுக்காட்டு மதிப்பெண்களுடன் கூடிய முதுகலைப் பட்டத்தையும் தேசியத் தகுதித் தேர்வு போன்றதொரு தேர்வில் தேர்ச்சியையும் கோரின. உடல் தகுதித் தேர்வும் உண்டு. முப்பது வயது வரையுள்ள ஆண் 12 நிமிடங்களில் 1,800 மீட்டர் கடத்தல் வேண்டும், நடந்தும் கடக்கலாம். கோப்புகளிடையே காலங்கழித்த என் போன்றோர்க்கும் எட்டக்கூடிய அளவுதான் இது!

மற்றொரு வழி பயிற்றுநர் பட்டயம். 1961இல் பாட்டியாலாவில் தொடங்கப்பெற்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தின் இப்படிப்பு, பெங்களூரிலுள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்திலும் நடத்தப்பட்டுள்ளது. 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தை இழந்த புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன், பின்னர் இங்கேதான் பட்டயம் பெற்றார். 2016இல் தமிழக அரசு அவரை நிலையான பயிற்றுநர் பணியில் அமர்த்தியது.

பணியில் சேர்ந்தபின் எழுவதே கடினமான சிக்கல். பல்கலைக்கழகத் துணை இயக்குநர் பதவிக்குக் கேட்கப்பட்ட சான்றுகளுள், குறைந்தது இரு வாரப் பயிற்சி முகாம் நடத்தியமையும், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் மாணவர் பெற்ற சிறப்பும் அடங்கும். ஆனால் இதயமும் தசைநாண்களும் நெடுந்தூர ஓட்டத்திற்குப் பக்குவப்படப் பல ஆண்டுகள் ஆகும். பதினெட்டு வயதில் வரும் மாணவர் மூன்றாண்டில் வெளியேறிவிடுகிறார். அவருடைய சிறந்த ஓட்டம் பெரும்பாலும் அதன் பின்னரே வருகிறது. உழைத்தவர் ஒருவர், கணக்கில் வரவு வைப்பவர் வேறொருவர். ஓ. எம். நம்பியார், பி. டி. உஷாவுக்கு 1976 முதல் தொடர்ந்து பயிற்சியளித்ததன் பயனை உலகம் 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கண்டது. உஷா நெடுந்தூர வீராங்கனை அல்லர் எனினும், எட்டாண்டுத் தொடர்ச்சி இங்குக் கருதத்தக்கது. நம்பியாருக்கு 1985இல் துரோணாச்சாரியார் விருது கிட்டியது.

எனவே பதக்கத்தை மட்டும் எண்ணாமல், சேர்ந்தபோது 5,000 மீட்டருக்கு மாணவர் எடுத்த நேரத்தையும் விடைபெறும்போது எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டு மதிப்பிடுவதே முறை என்பது என் கருத்து. விதிகள் மாறும்வரை இளம் பயிற்றுநர் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவர்க்கும் தனிப் பதிவேடு வைத்து, ஓடிய தொலைவு, நேரம், காலை நாடித்துடிப்பு, காயம், தேர்வு நாட்கள் ஆகியவற்றைக் குறித்து வரலாம். மாணவர் கல்லூரியை விட்டுச் சென்றபின்னும் ஆண்டுக்கு ஒருமுறை அவரது நேரத்தைக் கேட்டறிந்து, அதே பக்கத்தில் எழுதுதல் நலம். நேர்முகத் தேர்வின்போது சான்றிதழ்களுடன் இப்பதிவேட்டையும் குழுவின்முன் வைக்கலாம்.