மழைக்கு முன் வீட்டைச் செப்பனிடுவோம்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்

வயல் வரப்பில் நண்டு வளை ஒன்றைக் கண்டால் விவசாயி அன்றே அதை அடைத்துவிடுகிறார். நீர் வடிந்து பயிர் வாடிவிடும் என்பதை அவர் நன்கு அறிவார். ஆனால் அதே விவசாயியின் வீட்டுச் சுவரில் விரல் நுழையும் அளவு வெடிப்பு மூன்று ஆண்டுகளாக இருந்துவரும். கேட்டால், "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்பார். வரப்புக்குக் காட்டும் அக்கறையை வீட்டுக்கும் காட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதுவும் சில நாட்களில் தொடர்ந்து கொட்டுகிறது. காய்ந்த மண் சுவர் பெரும் பாரத்தைத் தாங்கும். அதே சுவரின் அடி நனைந்து ஊறிவிட்டால், தன் பாரத்தையே அதனால் தாங்க முடிவதில்லை. மண் சுவர்தான் விழும், கல் சுவர் விழாது என்று எண்ணுவதும் தவறு. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து அருகிலிருந்த வீடுகளின் மேல் விழுந்ததில் 17 பேர் உயிரிழந்தனர். இத்துயரத்தை நாம் மறத்தலாகாது.

என் அனுபவத்தில் நேர்ந்த ஒன்றையும் இங்கே கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் பணிபுரிந்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மண் சுவர் வீட்டைப் பார்வையிட்டேன். மூதாட்டி ஒருவர் தம் பேரனுடன் அங்கே வசித்து வந்தார். கூரை நீர் நேராகச் சுவரடியில் விழுந்து அங்கே குழி பறித்திருந்தது. அதை அவர் எனக்குச் சுட்டிக் காட்டினார். புதிய வீடு கோரும் அவரது மனு பட்டியலில் இருப்பதாகவும், முறை வரும்போது வீடு கிடைக்கும் என்றும் கூறிவிட்டு நான் புறப்பட்டேன். நவம்பரில், தொடர்மழையின் நான்காம் நாள் இரவில் அச்சுவர் சரிந்தது. அன்று மாலை அவர் பேரனுடன் தம் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தமையால் இருவர் உயிரும் தப்பின. கட்டியிருந்த ஆடுகள் இரண்டும் மாண்டன. மறுநாள் அங்கே நின்றபோதுதான் என் தவறு எனக்கு விளங்கிற்று. மனு நிலுவையில் இருக்கிறது என்று நான் கூறியது உண்மையே. ஆனால் அவருக்கு அன்று தேவைப்பட்டது ஒரு வண்டி மண்ணும் இரண்டு ஆட்களின் ஒரு நாள் உழைப்புமே. புதிய வீடு வரும்வரை பழைய வீடு நிற்க வேண்டுமல்லவா? ஆகவே, ஒவ்வொரு குடும்பமும் தன் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய பணிகளைக் கீழே தருகிறேன்.

முதலில் வீட்டைச் சுற்றி வருக

செப்பனிடுமுன் சோதனை செய்தல் வேண்டும். மெல்லிய வெடிப்பு பூச்சில் மட்டும் இருக்கலாம், அதனால் அச்சமில்லை. சுவரின் உள்ளும் புறமும் ஒரே இடத்தில் வெடிப்புத் தெரிந்தாலும், அது சாய்வாக ஓடினாலும், கதவு நிலையில் சிக்கத் தொடங்கினாலும் சுவர் அசைகிறது என்று கொள்ளலாம். ஐயம் தீர எளிய வழி ஒன்று உண்டு. வெடிப்பின் குறுக்கே நான்கு விரல் அகலத்துக்குச் சாந்து பூசி, அதன் மேல் அன்றைய தேதியைக் கீறி வைக்க வேண்டும். சாந்து நன்கு காய்ந்த பிறகு ஒரு மாதத்துக்குள் அந்தச் சாந்தும் பிளந்தால், வெடிப்பு வளர்ந்து வருகிறது என்பது உறுதி.

சுவரின் உச்சியிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலும் நடுவிலும் கீழும் அளந்து பார்க்க வேண்டும். சுவர் சாய்ந்தோ, வயிறு தள்ளினாற்போல் புடைத்தோ இருந்தால், அதைப் பூசி மறைத்தல் கூடாது. அந்த அறையை உடனே காலி செய்துவிட்டு ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். அது கை வேலைக்கு அப்பாற்பட்டது.

ஓட்டுக் கூரை

மங்களூரில் 1865-ஆம் ஆண்டு பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையின் வழியே பரவிய சீமை ஓடு, இன்றும் நம் கிராமங்களில் ஏராளமாக உள்ளது. அதன் அடிப்புறத்து மூக்கு ரீப்பரில் பற்றிக்கொள்கிறது. மேல் வரிசை கீழ் வரிசையை மூடி நிற்கிறது. இந்த அமைப்பை மனத்தில் கொண்டால் பழுது பார்ப்பது எளிது.

வீட்டினுள் நீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு உடைந்திருக்கும் என்று எண்ணலாகாது. நீர் கைமரத்தின் வழியே வழிந்து, சில அடிகள் கீழே வந்து சொட்டுவதுண்டு. எனவே, ஒருவர் ஏணியில் நின்று கூரையின் கீழ் வரிசையில் தொடங்கி, வரிசை வரிசையாக மேல் நோக்கி நீர் ஊற்றிவர வேண்டும். மற்றொருவர் உள்ளே இருந்து கவனிக்க வேண்டும். எந்த வரிசையில் ஊற்றும்போது முதன்முதலாகச் சொட்டுகிறதோ, அங்கேதான் பழுது உள்ளது. மேலிருந்து ஊற்றத் தொடங்கினால் நீர் எங்கும் பரவிப் பழுது புலப்படாது.

உடைந்த ஓட்டை எடுக்க, அதன் மேலும் பக்கத்திலும் உள்ள ஓடுகளைச் சற்று உயர்த்திப் பிடித்தால் போதும். ரீப்பர் உளுத்திருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். இல்லையேல் புதிய ஓடும் சரிந்துவிடும். முகட்டு ஓடுகளின் சாந்து பெயர்ந்திருந்தால், பழையதைச் சுரண்டி நீக்கி, நனைத்து, புதிதாகச் சாந்திட வேண்டும்.

ஈர ஓட்டின் மேல் ஏறுதல் கூடாது. கூரையில் நடக்க நேர்ந்தால் பலகை போட்டு அதன் மேலேயே கால் வைக்க வேண்டும். அருகில் மின்கம்பி செல்கிறதா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த கூரையாயின், அதை அறுப்பதும் துளையிடுவதும் உடைப்பதும் ஆகாது. அதன் தூசி மூச்சில் சென்றால் புற்றுநோய் உண்டாகும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது.

தளம் போட்ட வீடு

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய தளங்களில் நீர் ஒழுகுவதற்கு மூன்று காரணங்கள் பெரும்பாலும் காணப்படும். நீர்த்தாரை அடைபட்டிருக்கும்; தளத்தோடும் கைப்பிடிச் சுவரும் கூடும் மூலையில் வெடிப்பு இருக்கும்; அல்லது அரசங்கன்றோ ஆலங்கன்றோ வேர்விட்டிருக்கும். கன்றை மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். வெடிப்பை உளியால் சற்று அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தால் அழுத்தி அடைக்க வேண்டும். சுண்ணாம்புத் தளமாயின் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்தே பொருந்தும். அடைத்த இடத்தை ஈரச் சாக்கினால் மூடி, ஏழு நாட்களேனும் காயவிடாமல் காத்தல் அவசியம்.

பழைய தொகுப்பு வீடுகளின் கான்கிரீட் தளங்களில் அடிப்புறம் பெயர்ந்து கம்பி தெரிவதை நாம் காண்கிறோம். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பெருகுகிறது. அப்பெருக்கமே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. இதன் மேல் வெறுமனே பூச்சுப் பூசினால், துரு உள்ளே வளர்ந்து, ஒருநாள் பூச்சும் கான்கிரீட்டும் சேர்ந்து விழும். இத்தகைய வீட்டை ஒன்றியப் பொறியாளர் பார்த்தல் வேண்டும். அதுவரை அப்பகுதியின் கீழ் எவரும் படுத்து உறங்கலாகாது.

மண் சுவர்

மண் சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசினால் வீடு உறுதியாகும் என்ற எண்ணம் எங்கும் பரவியுள்ளது. இது தவறு. மண் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். சிமெண்டு அவ்வாறு அசைவதில்லை. ஆகவே பூச்சு வெடிக்கிறது. வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவரிலேயே தங்குகிறது. பிறகு பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது.

மண் சுவருக்கு மண் பூச்சே ஏற்றது. எடுக்கும் மண்ணைப் பிசைந்து சிறு வில்லையாகத் தட்டிக் காயவைத்துப் பார்க்க வேண்டும். வில்லை வெடித்தால் மணல் சேர்க்க வேண்டும். கையில் உதிர்ந்தால் களிமண் சேர்க்க வேண்டும். பதமான மண்ணுடன், ஓரங்குல நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலைக் கலந்து, நீர் விட்டு மிதித்துச் சில நாட்கள் ஊறவிட வேண்டும். பழைய உதிரிப் பூச்சைச் சுரண்டி, சுவரைக் கீறி, நீர் தெளித்துப் பூச வேண்டும். முதற்பூச்சு காய்ந்து வெடித்த பின், அவ்வெடிப்புகளை மூடுமாறு சாணம் கலந்த மெல்லிய இரண்டாம் பூச்சு இட வேண்டும்.

அதன் மேல் வெள்ளையடித்தால் அழகும் காப்பும் ஒருங்கே கிட்டும். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் வேண்டும். பாத்திரத்தில் நீரை முதலில் வைத்து, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் நீரைக் கொட்டினால் அது கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். குழந்தைகளை அருகில் விடுதல் கூடாது. ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

சுவரடியும் கழிவுநீரும்

வீட்டின் ஆயுள் சுவரடியில் இருக்கிறது. கூரையின் விளிம்பாகிய இறவானம் சுவருக்கு வெளியே ஒன்றரை முதல் இரண்டு அடி நீண்டிருந்தால், நீர் சுவரில் படாமல் தள்ளி விழும். சுவரைச் சுற்றி, இறவானத்து நீர் விழும் இடத்துக்கும் அப்பால் செல்லும் அகலத்தில் மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு, வெளிப்புறம் சரிவாக அமைக்க வேண்டும். நீர் விழும் கோட்டில் உடைகல் பரப்பினால் குழி விழாது. அதற்கப்பால் சிறு வாய்க்கால் ஒன்று தெருக் கால்வாயை அடைய வேண்டும். சுவரடியில் மண் எடுப்பதும், எருக்குழி தோண்டுவதும் சுவருக்கு நாமே தோண்டும் குழியாகும்.

சமையல் நீரும் குளிக்கும் நீரும் சுவரோரம் தேங்காமல் இருக்க உறிஞ்சு குழி அமைக்கலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டராகத் தோண்டி, அடியில் பெரிய கற்களும், நடுவில் சிறிய கற்களும், மேலே உடைந்த செங்கல்லும் நிரப்ப வேண்டும். அடியில் துளையிட்டுத் தேங்காய் நாரிட்ட பானை ஒன்றின் வழியே நீரை விட்டால், எண்ணெயும் பருக்கையும் அதில் தங்கிவிடும். நாரை அவ்வப்போது மாற்ற வேண்டும். குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 10 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டியும் இருத்தலாகாது. கழிப்பறை நீரை இதில் விடுதல் கூடாது.

ஊராட்சியின் கடமை

இவையாவும் குடும்பத்தின் பணி. ஆனால் முதியவரும் தனித்து வாழ்பவரும் இவற்றைத் தாமே செய்துகொள்ள இயலாது. அங்கேதான் ஊராட்சி உறுப்பினரின் கடமை தொடங்குகிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைப் பேசி, ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் வீடு வீடாகச் சென்று ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்: சுவர் சாய்ந்துள்ளதா? வெடிப்பு வளர்கிறதா? கூரை நீர் எங்கே விழுகிறது? கழிவுநீர் எங்கே தேங்குகிறது? மழை வலுத்தால் இக்குடும்பம் எங்கே சென்று தங்கும்?

விடைகளை ஒரு நோட்டில் எழுதி, அக்டோபர் 2 கிராம சபைக்குள் செய்ய வேண்டியவற்றைச் செய்து முடித்தல் நலம். மண்ணும் வண்டியும் உள்ள விவசாயிகள், இல்லாதவர் வீட்டுக்கு அரை நாள் கொடுத்து உதவலாம். புதிய வீட்டுக்கான பட்டியல் ஒரு புறம் இருக்கட்டும். இந்த நோட்டு மறு புறம் இருக்கட்டும். முதலாவது முறைப்படி நகரும். இரண்டாவது ஐப்பசிக்கு முன் முடிந்தாக வேண்டும்.

ஐப்பசியில் அடைமழை என்பது மூத்தோர் வாக்கு. அம்மழை வயலுக்கு வரமாக வருகிறது. உறங்கும் குழந்தைகளின் மேல் சுவராக விழாமல் காப்பது நம் கையில் உள்ளது. இன்று மாலையே மண்வெட்டியுடன் வீட்டைச் சுற்றி ஒருமுறை வருவோமாக.