மார்புநோய் தேறுவோர் படுக்கும் அறை

நிமோனியா, கடுமையான மார்புச் சளி ஆகியவற்றால் படுத்து எழுந்தவரை நம் இல்லங்களில் எவ்வாறு வைத்திருக்கின்றோம்? சாளரங்களை அடைக்கின்றோம், கதவிடுக்கில் துணி செருகுகின்றோம், கட்டிலருகே கரிச்சட்டியும் வைக்கின்றோம். காற்றுப் பட்டால் நோய் திரும்பும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். திருவேங்கடம் வட்டாரத்தில் நம் தொழிலும் இவ்வச்சத்திற்குத் துணை நிற்கின்றது. காற்று வறண்டால் பாவிழை அறும் என்று நெசவாளர் தறிக்கூடத்தை அடைத்து வைப்பர்; பலருக்கு அதுவே படுக்கையறை. விவசாயி வீட்டிலோ பருத்தியும் மிளகாய் வற்றலும் உறங்குமிடத்திலேயே கிடக்கும். ஆதலின் அங்கத்தினர் அனைவரும் இதனை ஆராய்ந்தறிதல் நலம்.

1. காற்றோட்டம் ஏன் வேண்டும்?

மார்புநோய் கிருமிகளால் வருவது, வெறுங்காற்றினால் வருவதன்று. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் அடைத்த அறையில் நெடுநேரம் மிதந்திருக்கும். சாளரம் திறந்திருப்பின் அவை கலைந்து வெளியேறும். உடனுறையும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தொற்றும் வாய்ப்புக் குறையும். பருத்தித் தூசி, மிளகாய் நெடி, பருத்திமார் எரிக்கும் புகை ஆகியன புண்பட்ட சுவாசக் குழாய்களை மேலும் உறுத்தி இருமலை நீட்டிக்கும். ஆகவே, தேறும்வரை நோயாளியின் படுக்கை தறிக்கும் அடுப்புக்கும் விலகியிருத்தல் வேண்டும். வேறு அறை இல்லையெனில் நெசவு முடிந்ததும் கூடத்தைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்து, அதன்பின் பாய் விரிக்கலாம்.

2. கனல் வேண்டுமா?

குளிர்நாடுகளில் வீட்டினுள் 18 பாகை சென்டிகிரேடேனும் வெப்பம் இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் கூறிற்று. நம் சமவெளியில் மார்கழி இரவிலும் வீட்டினுள் வெப்பம் அந்த அளவுக்குத் தாழ்வது அரிது. எனவே நமக்கு வேண்டுவது உடலுக்குக் கதகதப்பே: ஒரு போர்வை, காதை மூடும் துணி, தரையினின்று உயர்ந்த கட்டில். கரிச்சட்டியோ பெருந்தீங்கு. கரி எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவிற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கு மேல் வலிமையாக இரத்தத்தைப் பற்றும் அது, உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும்.

3. எச்சாளரத்தைத் திறப்பது?

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று நம் கரிசற்காட்டில் புழுதியை வாரி வீசும். அப்போது மேற்குச் சாளரத்தை அடைத்துக் கிழக்குச் சாளரத்தைத் திறக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்காத பக்கத்தைத் திறக்கலாம். காற்று புக ஒரு வழியும், வெளியேற எதிரே உயரத்தில் ஒரு வழியும் இருத்தல் சிறப்பு. காற்று நேரே மேலே வீசாதவாறு கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போடுக. ஈரத்துணிகளை அவ்வறையில் உலர்த்தற்க.

4. காற்று மருந்தாகுமா?

இதற்கு விடை நம் மாநிலத்திலேயே கிடைத்தது. காசநோய்க்குக் காற்றோட்டமும் ஓய்வும் நல்லுணவும் உள்ள சானடோரிய வாசமே சிகிச்சை என்று முன்னர்க் கருதினர். 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சியில் ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினருக்கு நெருக்கடியான அவர்தம் வீடுகளிலுமாக ஒரே மருந்துகள் ஓராண்டு தரப்பெற்றன. 1959இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவுமில்லை. நோயைத் தீர்த்தது மருந்தே என்பது தெளிவாயிற்று. சாளரத்தைத் திறந்துவிட்டோம் என்று மருந்தை இடையில் நிறுத்துவது பேதைமை. காற்று உடனுறைவோரைக் காக்கும், மருந்து நோயாளியைக் காக்கும், இரண்டும் வேண்டும்.

நிமோனியா நீங்கியபின் இருமல் சில வாரம் நீடிப்பதுண்டு. எனினும் காய்ச்சல் மீண்டாலும், மூச்சு வாங்கினாலும், சளியில் இரத்தம் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்க. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.

அங்கத்தினர் கூடி ஆராய்தற்குரிய வினாக்கள்

(1) நம் வீட்டுத் தறிக்கூடத்தில் காற்று புகவும் வெளியேறவும் வழிகள் உளவா?

(2) பருத்தி மூட்டைகளைப் படுக்கையறையினின்று எங்கு மாற்றலாம்?

(3) நம் தெருவில் இரண்டு வாரமாக இருமுவோர் எவரேனும் உளரா?